அறுந்த இடத்திலிருந்து தொடர விடுங்கள்

தமிழ்நாட்டின் அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள், தேர்வு அமைப்புகள் ஆகியவற்றின் இணையதளங்களைப் பராமரிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பாதியில் அறுந்த டவுன்லோடு விட்ட இடத்திலிருந்தே தொடர உங்கள் தளங்கள் வழிவிட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். 2000 முதல் ஆறு ஆண்டுகள் திருவல்லிக்கேணியில் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். மேன்ஷன்களில் தங்கி வேலை தேடிய பிள்ளைகள்தான் வாடிக்கையாளர்கள். நான்கு கணினிக்கும் சேர்த்து ஒரே டயல்-அப் இணைப்பு. மோடம் பெட்டியில் 56கே, அதாவது நொடிக்கு 56 கிலோபிட், என்றிருக்கும். எட்டு பிட் ஒரு பைட், அந்தக் கணக்குப்படி நொடிக்கு 7 கிலோபைட். கைக்கு வந்தது நான்கு, நான்கரை.

ஒரு நாள் இரவு ஒரு தம்பி வந்தார். விண்ணப்பமும் பாடத்திட்டமும் அடங்கிய ஜிப் கோப்பு, 20 எம்பி. மற்ற மூன்று கணினிகளையும் நிறுத்திவிட்டு அவருக்காக மட்டும் இறக்கினேன். ஒரு மணி நேரம் ஓடி, முக்கால்வாசி தாண்டியபின் லைன் அறுந்தது. திரும்ப டயல் செய்தால், பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். அன்றிரவு மூன்று முறை அப்படியே ஆனது. அவரிடம் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

கோளாறு என் பக்கம் என்றே நம்பினேன். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோனோடு கரகரப்பு. ஐப்பசி மழையில் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கியிருந்தது. லைன்மேன் கம்பியைச் சுரண்டி மாற்றிக் கட்டினார். மாடியில் வீட்டுக்காரர் அதே லைனில் இருந்த பேரலல் போனை எடுக்கும்போதெல்லாம் இணைப்பு போனது. அதைக் கழற்றச் சொன்னேன். கால் வெயிட்டிங் ஒலி வந்தாலும் மோடம் தடுமாறும், அந்த வசதியை நிறுத்தினேன். பிறகு மோடத்தை வி.90 என்ற 56கே தரத்திலிருந்து வி.34 என்ற பழைய தரத்துக்கு, அதாவது 33.6கேவுக்கு இறக்கினேன். இரைச்சல் உள்ள லைனில் வேகமாக இணையும் மோடம், கெட்டுப்போன துண்டுகளைத் திரும்பக் கேட்பதிலேயே நேரத்தைத் தொலைக்கும். மெதுவாகப் பிடித்து நிலையாகப் போனதுதான் முதலில் முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

அதன்பிறகும் எப்போதாவது அறுந்தது. ஆனால் டவுன்லோடு மேனேஜர் போட்டபின், மற்ற தளங்களில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தம்பியின் ஜிப் கோப்பு இருந்த அந்த ஒரு தளத்தில் மட்டும் மறுபடி முதலிலிருந்து. அப்போதுதான் புரிந்தது, குறை சர்வரில்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான, 1997இல் வந்த எச்டிடிபி 1.1 நெறியிலேயே இதற்கு வழி உண்டு. ‘இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு’ என்று கேட்டால், சர்வர் 206 என்ற எண்ணோடு மீதியை மட்டும் அனுப்பும். இன்றைக்கும் உங்களில் சிலருடைய தளங்கள் இதற்கு 200 என்று பதில் சொல்லி, முழுக் கோப்பையும் தலையிலிருந்து கொட்டுகின்றன. கோப்பு சும்மா சர்வரில் கிடந்தால் அப்பாச்சி, எஞ்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் மென்பொருள் தானாகவே தொடர்ந்து கொடுக்கும். லாகின் பார்க்கவோ எண்ணிக்கை வைக்கவோ நடுவில் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது சிறு நிரலை, நிறுத்துகிறீர்கள். அது அந்தக் கேள்வியைக் காதில் வாங்குவதில்லை. சில நேரம் கோப்பின் அளவைக்கூடச் சொல்வதில்லை. பார்ப்பவருக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்றே தெரியாது.

டயல்-அப் போய்விட்டது, உண்மைதான். ஆனால் மலைக் கிராமத்தில் ஒரு கோடு சிக்னலில் ஹால் டிக்கெட் இறக்கும் பெண்ணுக்கு, அந்தத் தம்பிக்கு நடந்ததே இன்றும் நடக்கிறது. அவள் பணம் கொடுத்து வாங்கிய டேட்டா ஒவ்வொரு முறையும் வீணாகிறது.

அனுமதி பார்ப்பதோடு ஸ்கிரிப்ட் நிற்கட்டும், கோப்பை அனுப்பும் வேலையை வெப் சர்வரிடமே விடுங்கள். சில வரி மாற்றம்தான். பத்து நிமிடத்தில் காலாவதியாகும் டவுன்லோடு முகவரியைக் கைவிடுங்கள். சுட்டிக்குப் பக்கத்திலேயே எம்பி அளவைப் போடுங்கள். பெரிய பாடநூலைப் பாடம் பாடமாகவும் பிரித்துக் கொடுங்கள்.

அலுவலக ஃபைபரில் இந்தக் குறை கண்ணில் படாது. உங்கள் தளத்தின் மிகப் பெரிய கோப்பை ஒரு போனில் இறக்கத் தொடங்கி, பாதியில் டேட்டாவை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் போனால், இந்த வாரமே சரிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
பழைய பிரவுசிங் சென்டர்காரர்,
திருவல்லிக்கேணி, சென்னை