வாயைக் கட்டினால் மட்டும் போதுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உடற்பருமனுக்குச் செய்யும் வயிற்றுச் சத்திரசிகிச்சை பற்றித் தங்கள் வாரப் பதிப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். செலவு, ஆபத்து, யாருக்குப் பொருந்தும் என்பதையெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால், "இரைப்பையைச் சிறிதாக்கிவிடுகிறார்கள், அதனால் குறைவாகச் சாப்பிட முடிகிறது, மிச்சமெல்லாம் அவரவர் மனக்கட்டுப்பாடு" என்று ஒரு வரியில் முடித்துவிட்டதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. பானை சின்னதானால் வீட்டாரின் பசியும் சின்னதாகிவிடுமா?

உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். என் அக்கா கொழும்பில் பைபாஸ் முறையில் (இரைப்பையில் சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைப்பது) இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். ஆகவே இதைப் புத்தகத்திலும் பார்த்திருக்கிறேன், வீட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டைக் குறைத்து மெலிபவர்களை எடுங்கள். கொழுப்பு குறையும்போது கொழுப்புக் கலங்கள் சுரக்கும், பசியை அடக்கும் ஓமோனான லெப்டினும் குறைகிறது. இரைப்பை சுரக்கும், பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ் (நம் பாடநூலில் பரிவகக்கீழ்) இதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்ளும். பசியைக் கிளப்பும், உடம்பு செலவழிக்கும் சக்தியையும் இழுத்துப் பிடிக்கும். லெப்டினை 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழுவும், கிரெலினை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்களும் கண்டுபிடித்தார்கள். நான் பல்கலைக்கழகம் போன காலத்தில் இரண்டின் பெயரும் கிடையாது. மெலிந்து ஒரு வருடம் கழிந்த பிறகும் இந்த ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் தணியவில்லை என்று 2011இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இப்படி உள்ளுக்குள் பசியோடு மல்லுக்கட்டுகிறவரிடம் போய், "வாயைக் கட்டத் தெரியாதா?" என்று கேட்கிறோம்.

சத்திரசிகிச்சை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு அளவு வெட்டி எடுக்கப்படும்போது, கிரெலின் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் சேர்ந்தே போகிறது. பைபாஸில் உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு வேகமாகப் போய்ச் சேருவதால் ஜீஎல்பி-1, பீவைவை என்ற ஓமோன்கள் சாப்பிட்டதும் பெருகி, இரத்தம் வழியாகவும் வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குப் 'போதும்' என்று சொல்கின்றன. மெலிவதற்கென்று இப்போது எல்லோரும் பேசும் செமாகுளூட்டைட் ஊசியும் இந்த ஜீஎல்பி-1ஐப் பின்பற்றிச் செய்ததுதான். லண்டன் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. இரைப்பையைச் சுற்றிப் பட்டி மட்டும் போட்டவர்களையும் பைபாஸ் செய்தவர்களையும் எடுத்து, உணவுப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். உடற்திணிவுச் சுட்டி (உயரத்தோடு ஒப்பிட்ட எடை) இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவைக் கண்டதும் ஆசையைத் தூண்டும் மூளைப் பகுதிகள், பைபாஸ் செய்தவர்களிடம் குறைவாகவே கிளர்ந்தன.

அக்காவிடம் நான் கண்டதும் இதுதான். எருமைத் தயிரில் பாணி ஊற்றிச் சாப்பிடாமல் அவருக்கு ஒரு நாளும் முடியாது. இப்போது இரண்டு கரண்டி எடுத்துவிட்டு, "திகட்டுது" என்று தள்ளிவைக்கிறார். தேநீர்ச் சோசரில்தான் சாப்பாடு. முதலில் பாரை மீன் துண்டை முள் பார்த்து உதிர்த்து மெல்லச் சாப்பிடுவார், சோறு பிறகுதான், அதுவும் நாலு வாய். இது வைராக்கியம் இல்லை. வைராக்கியத்தோடு அவர் டயட் இருந்த காலத்தில் முகமே வாடிக் கிடக்கும், எங்களில் யாரும் வாய்திறக்க முடியாது. இப்போது அந்தப் போராட்டம் இல்லை.

அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்றும் இல்லை. சில காலம் போனபின் பசி பலருக்கு மெல்லத் திரும்புகிறது. கவலைக்கும் தனிமைக்கும் சாப்பிட்டுப் பழகிய மனதை எந்தக் கத்தியும் வெட்டுவதில்லை. பிட்டு அடைக்கும், வட்டிலப்பமும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பைபாஸ் செய்தவருக்கு இனிப்பு கூடினால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படுக்க வேண்டிவரும். மதுவும் வேகமாக இரத்தத்தில் ஏறும். முன்பு சாப்பாட்டில் தேடிய ஆறுதலைச் சிலர் போத்தலில் தேடத் தொடங்குகிறார்கள் என்பது மருத்துவர்கள் அறிந்த விடயம். நம் ஊர் ஆண்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

பிறகு, நாங்கள். சொந்தத்தில் ஒரு கலியாண வீட்டில் மாமி ஒருவர் அக்காவின் இலையில் இறைச்சியை அள்ளிவைத்து, "ஒரு கரண்டிதானே புள்ள, தின்னு கா" என்று நின்றுகொண்டார். அன்புதான். மறுத்தால் மனக்கசப்பு, சாப்பிட்டால் வாந்தி. அக்கா சாப்பிட்டார். இதே மாமி பின்வளவில் நின்று, "காசு கொடுத்து மெலிஞ்சவ" என்றதும் என் காதில் விழுந்தது! சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவரை யாரும் இப்படிச் சொல்வதில்லையே.

சத்திரசிகிச்சையைக் கொழும்பில் செய்யலாம். விற்றமின், இரும்புச்சத்து, பி12 அளவுகளை ஆயுள் முழுக்கப் பார்க்கவேண்டியதும், சாப்பாட்டோடு மனம் படும் பாட்டைப் பேசவேண்டியதும் இங்கே, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும்தான். அதற்கு ஒவ்வொரு தடவையும் இரவு பஸ் ஏறவேண்டியிருந்தால் பாதிப்பேர் பாதியில் விட்டுவிடுவார்கள். போஷாக்கு நிபுணரும் உளநல வைத்தியரும் இவர்களை ஒன்றாகப் பார்க்கும் ஒரு கிளினிக் நாள் கிழக்கில் வேண்டும், சமைத்துப் போடுகிறவரையும் அன்று உள்ளே கூப்பிட்டுப் பேசவேண்டும். இதைப் பற்றி நம் மாவட்ட வைத்தியர் ஒருவரிடமே கேட்டு அடுத்த கட்டுரையை எழுதுவித்தால் நல்லது. சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரை எனக்கே தெரியும், கொழும்புக்குப் போகுமுன் அவர்கள் அதை வாசித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.