போட்டிக்குப் படகை இறக்குவதற்கு முன்னால்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. படகு வாங்கிவிட்டாய், அடுத்த பருவத்துத் தூண்டில் போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. கரையில் நின்று தூண்டில் வீசிய காலத்திலேயே நீ பேசிக்கொண்டிருந்த விஷயம் இது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி விடவில்லை என்பதால் இந்தப் பருவம் நான் படகு ஏறவில்லை, மீன் எடை போடும் இடத்தில் ஒத்தாசைக்கு நிற்கிறேன். மகள் இப்போது என்னைவிட நன்றாக வீசுகிறாள்.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது. "பழைய ஓனர் வைத்திருந்த அதே மாதிரி பாலிசியை எடுத்துவிட்டேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அவர் பொழுதுபோக்குக்கு மீன் பிடித்தவர். நீ கட்டணம் கட்டி, பரிசுப் பணத்துக்காக, முன்பின் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போகப்போகிறாய். படகு அதேதான். அது செய்யும் வேலை வேறு. அதை இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிட்டாயா?

படகு பாலிசிகளில் "சொந்த உல்லாசப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கும். அது சும்மா எழுதி வைத்த வாசகம் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடுவில் டெக்சோமா ஏரி இருக்கிறதே, அங்கே கட்டியிருந்த ஒரு வீட்டுப்படகு தீப்பிடித்து எரிந்தது. வாடகைக்கு விடக்கூடாது, சொந்த உல்லாசத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனைகளை மீறிவிட்டார்கள் என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட நிபந்தனை மீறலை மாநிலச் சட்டப்படிதான் பார்க்க வேண்டும் என்று 1955-இல் தீர்ப்பு வந்தது. ஆகவே மீறலின் விளைவு இடத்துக்கு இடம் மாறும். ஒரு இடத்தில் தீக்கும் அந்த மீறலுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்னொரு இடத்தில் மீறல் என்றாலே கதை முடிந்தது.

பரிசுப் பணம் வாங்குவது வணிகப் பயன்பாடா? எல்லாக் கம்பெனிகளும் ஒரே பதில் சொல்வதில்லை. சிலர் எப்போதாவது கலந்துகொள்ளும் போட்டியை உல்லாசமாகவே எடுத்துக்கொள்வார்கள். ஸ்பான்சர் பெயர் படகில் ஒட்டியிருந்தாலோ, பருவம் முழுக்கச் சுற்றினாலோ வேறு பாலிசிக்கு மாறச் சொல்வார்கள். பந்தயங்களை விலக்கும் பிரிவு ஒன்றும் இருக்கும். தூண்டில் போட்டி வேகப் பந்தயம் இல்லைதான், ஆனால் அந்தப் பிரிவில் "ஒழுங்கு செய்யப்பட்ட போட்டி எதுவும்" என்று எழுதியிருந்தால் நீயும் அதற்குள் வந்துவிடுவாய். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் ஒன்றும் இல்லை சார்" என்பார். அது போதாது. பரிசு, ஸ்பான்சர், துணைக்கு ஏறும் ஆள், எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதிக் கேள், பதிலையும் எழுத்தில் வாங்கு. எழுதித்தர மறுத்தால் அந்தக் கம்பெனியே வேண்டாம்.

படகின் மதிப்பைப் பற்றி நிறையக் கேட்டிருந்தாய். சுருக்கமாகச் சொல்கிறேன். இழப்பு நேர்ந்தால் தேய்மானம் கழித்துச் சந்தை விலை தருவது ஒரு வகை. ஆரம்பத்திலேயே இரு தரப்பும் பேசி முடித்த தொகையைத் தருவது இன்னொரு வகை. இரண்டாவதுக்கு பிரீமியம் கூட. உன் படகு பழசு என்றாலும் இன்ஜினும் மின்னணுக் கருவிகளும் புதுசு, அதனால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் முழு இழப்புக்குத்தான் அந்தத் தொகை. பாதிச் சேதத்துக்கு சில பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்.

எனக்குக் கவலை படகின் உடம்பைப் பற்றி இல்லை, ஆளைப் பற்றித்தான். போட்டி நாளைக் கொஞ்சம் நினைத்துப் பார். விடியற்காலை இருட்டில் படகுகள் வரிசையாகப் புறப்படும். எல்லோருக்கும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கும். சாயங்காலம் குறித்த நேரத்துக்குத் திரும்பாவிட்டால் எடையில் கழிப்பார்கள், ரொம்பத் தாமதமானால் அன்றைய மீன் கணக்கிலேயே வராது. காற்று எழுந்து அலை புரளும்போதும் யாரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். உனக்கு முன் சீட்டில் பிடிக்க ஸ்டீயரிங் இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கைப்பிடி மட்டும். ஒரு அலையில் படகு எழும்பித் தண்ணீரில் அறைந்தால் அவருடைய முதுகெலும்புதான் முதலில் வாங்கும். உன் பாலிசியைப் பொறுத்தவரை அவர் மூன்றாம் நபர். மூன்றாம் நபர் பொறுப்புத் தொகையை எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்டு. அந்தப் பகுதிக்கு பிரீமியம் அதிகம் ஏறாது. யார் மேல் தப்பு என்று பார்க்காமல் சிகிச்சைச் செலவைத் தரும் சிறிய பிரிவு ஒன்றும் உண்டு. கண்ணில் தூண்டில் முள் பாய்ந்தால் அன்றைக்கே உதவுவது அதுதான். உனக்குத் தலை சுற்றி, துணைக்கு வந்தவர் படகை ஓட்டிக் கரை சேர்க்க வேண்டி வந்தால் அதற்கு அனுமதி உண்டா என்றும் பார். பெயர் குறிப்பிட்டவர்தான் ஓட்ட வேண்டும் என்ற பாலிசிகள் இருக்கின்றன.

போட்டி நடத்துபவர்களிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதே. பொதுவாக அது அவர்களைக் காக்க எடுத்தது. பெயர் கொடுக்கும்போது நீ கையெழுத்துப் போட்ட தாளை ஒரு தரம் படித்துப் பார், புரியும்.

திருட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன பருவம் எங்கள் போட்டிக்கு வந்த ஒருவர் முதல் நாள் ராத்திரி விடுதி வாசலில் டிரெய்லரோடு படகை நிறுத்தியிருந்தார். காலையில் பார்த்தால் முன்பக்கம் மீன் தேடும் திரை இருந்த இடத்தில் நாலு ஸ்க்ரூ ஓட்டைகள்தான் இருந்தன. ஒயர்களை ஒரே வெட்டில் நறுக்கியிருந்தார்கள், செம்பு நுனி பளபளவென்று தெரிந்தது. பெட்டியில் இருந்த ராடு, ரீல் எல்லாம் போய்விட்டது. கம்பெனி முதலில் கேட்டது சீரியல் நம்பர். அவரிடம் இல்லை. அடுத்தது பூட்டை உடைத்த தடயம். பெட்டி பூட்டியிருக்கவில்லை. படகோடு பொருத்திய திரைக்கு மட்டும் ஏதோ கொடுத்தார்கள். ராடும் ரீலும் "தனிப்பட்ட உடைமை" என்று வேறு பிரிவில் வரும், அதற்கு மொத்த வரம்பு தனி, ஒரு பொருளுக்கு வரம்பு தனி. நீ இன்றைக்கே ஒவ்வொரு கருவியின் பின்பக்க ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து, ரசீதோடு வீட்டில் வை. படகிலேயே வைத்தால் பிரயோஜனம் இல்லை.

தண்ணீருக்கடியில் மரக்கட்டையில் மோதி லோயர் யூனிட் (இன்ஜினின் தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி) உடைந்தால் பாலிசி தருமா என்பதைத் தனியாகக் கேள். போட்டிப் படகுகளுக்கு அடிக்கடி நேருவது அதுதான். நடு ஏரியில் நின்றுபோனால் இழுத்து வருவது ஒன்று, ஆபத்திலிருந்து மீட்பது வேறொன்று. மீட்பு என்று கணக்கானால் கட்டணத்தைப் படகின் மதிப்பை வைத்துக் கேட்பார்கள். கயிற்றை வாங்குமுன் "இது வெறும் இழுவைதானே?" என்று கேட்டு உறுதி செய்துகொள். மூழ்கிய படகை வெளியே எடுக்கும் செலவும், கசிந்த எண்ணெயைச் சுத்தம் செய்யும் செலவும் படகின் விலையையே தாண்டலாம். அவை பாலிசியில் தனித் தொகையாக இருக்கின்றனவா, இல்லை படகின் மதிப்பிலிருந்தே கழிகின்றனவா என்று பார்த்துக்கொள்.

ஒன்று கேட்டுவிடுகிறேன், வருத்தப்படாதே. படகின் தகட்டில் எழுதியிருக்கும் குதிரைசக்தியைத் தாண்டின இன்ஜினை மாட்டியிருக்கிறாயா? அப்படியானால் உடனே சொல்லிவிடு. காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரிந்த முக்கியமான விஷயத்தை அவர்தான் சொல்ல வேண்டும் என்று 1766-லேயே இங்கிலாந்தில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் தீர்ப்பு எழுதிவிட்டார். படகு இன்ஷூரன்ஸ் இன்றும் பெரும்பாலும் அந்த நினைப்பில்தான் ஓடுகிறது. அப்புறம் ஓட்டுபவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் அந்தச் சுருள் கயிற்றைக் காலிலோ ஜாக்கெட்டிலோ மாட்டாமல் வேகமெடுக்காதே. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். சட்டம் இல்லாத இடத்திலும் மாட்டு, நீ எனக்கு வேண்டும்.

பாலிசியின் முதல் பக்கத்தையும், விலக்குகள் இருக்கும் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டு, என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன். பயிற்சி நாள் எப்போது என்றும் சொல். மகளும் வர வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
உன் நண்பன்