கேட்காமலே திருப்பி அனுப்பிய பாட்டு

இளையோர் பாடல் போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் பாட்டு ஏன் திரும்பி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொன்ன கட்டண ஒலிப்பதிவு மென்பொருளின் புரொஜெக்ட் கோப்பு, அதாவது அந்த மென்பொருளிலேயே செய்து சேமித்த வேலைக் கோப்பு, அதில் இல்லை. பாட்டை நீங்கள் கேட்கவேயில்லை.

அது உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் பதிந்த பாட்டு. கச்சான் காற்று வீசும் காலத்தில் பகல் முழுக்கக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கும். இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் மைக்கைத் திறக்கலாம். இரைச்சல் விழும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவோம். சுவரில் மெத்தை, ஜன்னலில் போர்வை. அந்தப் புழுக்கத்தில் தங்கச்சி ஒரே சரணத்தை ஒன்பது தரம் பாடினாள். எட்டாவது டேக் அருமையாக வந்தது. கடைசி வரியில் பக்கத்து வளவு நாய் குரைத்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மைக் முன்னால் வந்து நின்றாள். அந்த ஒன்பதாவது டேக்தான் உங்களுக்கு வந்தது.

ஆடாசிட்டியில் பதிந்தோம். 2000 ஆம் ஆண்டிலிருந்து உலகமெங்கும் இலவசமாகக் கிடைக்கிற திறமூல மென்பொருள் அது. நாங்கள் அனுப்பியது வேவ், எந்த ஒலிப்பதிவு மென்பொருளும் திறக்கிற பொதுவான ஒலிக் கோப்பு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு எதிலிருந்து வந்தாலும் வேவ் கோப்புதான். பாட்டில் தனித்தனியாகப் பதிந்த பதினொரு ஒலித் தடங்களையும், அதாவது ட்ராக்குகளையும், பாட்டின் பூச்சிய விநாடியிலிருந்தே தொடங்கும்படி தனித்தனி வேவாக அனுப்பியிருக்கிறோம். உங்கள் ஒலிப்பொறியியலாளர் தன்னுடைய மென்பொருளில் இழுத்துப் போட்டாலே எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். தயவுசெய்து வேவ் கோப்புகளை ஏற்றுக்கொள்ளுங்கள்.

விளக்கம் கேட்டபோது, தொலைபேசியில் பேசியவர் கிராக் பண்ணின பிரதி ஒன்றை எடுத்து மாற்றி அனுப்பச் சொன்னார். காசு கொடுத்து வாங்க எனக்கு இரண்டு மாதச் சம்பளம் வேண்டும். அது என் கஷ்டம். ஆனால் பாட்டு பிறருடையதல்ல என்று எங்களிடம் கையெழுத்து வாங்குகிற நீங்களே, இன்னொருவரின் உழைப்பைக் களவெடுக்கச் சொல்வது சரியா?

பயிற்சிப் பட்டறை என்றால் கொழும்பு, குரல் தேர்வு என்றால் கொழும்பு. இரவு பஸ்ஸில் தூக்கம் விழித்துப் போய், பத்து நிமிடம் பாடிவிட்டு அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பிய பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறையப் பேர். வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம் என்று இந்த முறை நீங்கள் அறிவித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அந்தக் கதவையும் ஒரு கோப்பு வகைக்காகச் சாத்தாதீர்கள்.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். வேவ் கோப்புகளை ஏற்பீர்கள் என்று எல்லோருக்கும் அறிவியுங்கள். முடிவுத் திகதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. எங்கள் பதினொரு ட்ராக்கும் முன்பு அனுப்பிய இணைப்பிலேயே இருக்கின்றன. ஒருமுறை திறந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு போட்டியாளர்