இந்தப் பனிக்காலம் காசு அனுப்பாதே

அன்பின் மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கும் பிரஷர் பரவாயில்லை. வீடியோ கோலில் பேத்தி வீட்டுக்குள்ளேயே தொப்பியும் ஜக்கெட்டுமாக நின்றாளே, கேட்டதற்குச் சிரித்துச் சமாளித்தாய். அம்மா நம்பிவிட்டா. நான் நம்பவில்லை.

அங்கே லண்டனில் இருக்கும் உன் சித்தப்பா மகனிடம் விசாரித்தேன். உங்கள் வீட்டில் காஸுக்கும் கரண்டுக்கும் முன்கூட்டியே காசு போட்டால்தான் ஓடும் மீட்டராம். அதில் இணைப்பை வெட்ட ஆள் வரத் தேவையில்லை; காசு முடிந்ததும் தானாக நின்றுவிடும், வெளியில் ஒருவருக்கும் தெரியாது. வெயில் காலத்தில் ஹீட்டர் போடாவிட்டாலும் நாளாந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்குமாம். பனி தொடங்கி முதலில் போடும் காசை அந்தக் கடன் விழுங்கிவிடும். என்ன கணக்கோ!

2022இல் இங்கே இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் நீங்கள் சமாளிக்கவில்லையா என்று கேட்பாய். கொழும்பு கொட்டாஞ்சேனையில் கரண்ட் போனால் வியர்க்கும், நுளம்பு கடிக்கும். வாசலில் இருந்து அடுத்த வீட்டுக்காரரோடு சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டலாம். அந்த ஓகஸ்டில் 75 வீதம், அடுத்த பெப்ரவரியில் 66 வீதம் என்று கட்டணம் ஏறியபோது அயன் பண்ணாத சேட்டோடு வேலைக்குப் போனேன், அவ்வளவுதான். குளிர் அப்படி விடாது. வீட்டுக்குள் 18 பாகையாவது இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹீட்டரும் போடாமல், ஜன்னலையும் அடைத்து, உடுப்பையும் அறைக்குள் காயப்போட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். சொல்ல மனமில்லை, ஆனாலும் சொல்கிறேன்: இங்கிலாந்தின் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020இல் இறந்ததற்கு வீட்டுப் பூஞ்சணமே காரணம் என்று மரண விசாரணையில் முடிவானது.

அதற்காகக் காஸ் அடுப்பை எரியவிட்டோ, கரிச்சட்டியை உள்ளே வைத்தோ குளிர்காயாதே. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை.

யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப்பணம் எடுப்பவர்களுக்குப் பனிக்காலத்தில் கரண்ட் பில்லில் 150 பவுண் கழிவு உண்டு, 'வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்' என்று பெயர். ஆனால் பில் உன் பெயரிலோ மருமகன் பெயரிலோ இருக்கவேண்டும். நீங்கள் இன்னும் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் பெயரிலேயே விட்டிருப்பதாகக் கேள்வி. முதலில் அதை மாற்றப் பார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிறது என்று கரண்ட், காஸ் கம்பனியிலும் பதிந்துவை. மீட்டரில் காசு தீர்ந்தால் அவசரக் கடன் தருவார்கள், பிறகு கழித்துக்கொள்வார்கள். கேட்பதில் என்ன மானக்கேடு? நீயும் அங்கே வேலை செய்து வரி கட்டுகிறவள்தானே.

மார்ச் முடியும்வரை எங்களுக்குக் காசு அனுப்பாதே, மீட்டருக்குப் போடு. அம்மாவின் மருந்து பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் கிடைக்கிறது. நானும் செட்டியார் தெருவில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போகிறேன். மீறி அனுப்பினால் பேத்தியின் பெயரில் பேங்கில் போட்டுவிடுவேன், ஒரு சதம் தொடமாட்டேன். அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. பில்லில் பெயர் மாறியதும் எனக்குக் கோல் எடு.

அன்புடன்,
அப்பா