நெல்மணிக் கணக்குல கடைசி அஞ்சு சைபர் தப்புங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல செஸ் போர்டு நெல்மணி கதை போட்டிருந்தீங்க, முதல் கட்டத்துல ஒண்ணு, அடுத்ததுல ரெண்டு, அப்புறம் நாலு, எட்டுன்னு டபுள் ஆகிட்டே போய் ராஜாவோட களஞ்சியமே காலியாகுமே அதே கதைதான். கதை ஓகே. ஆனா மொத்தம் 18446744073709600000 நெல்மணின்னு பெட்டிச் செய்தில கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்களே, பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு, யாரோ எக்செல்ல போட்டு அப்படியே எடுத்திருக்காங்க. எக்செல் 15 இலக்கம் வரைக்கும்தான் ஒழுங்கா காட்டும், மீதியை ரவுண்ட் பண்ணி சைபரா நிரப்பிரும்.

முதல் கட்டத்துல மட்டும்தான் ஒத்தைப்படை, மீதி 63 கட்டமும் ரெட்டைப்படை, அப்புறம் எப்படிங்க கூட்டுத்தொகை சைபர்ல முடியும்? சரியான எண் 18446744073709551615, அதாவது 64 ரெண்டை வரிசையா பெருக்கி அதுல ஒண்ணு கழிச்சது. உங்க கணக்குப்படி ராஜா 48,385 நெல்மணி எக்ஸ்ட்ரா குடுக்கணும், ஒரு கிலோ கிட்ட வரும், ஏற்கனவே நொந்து போயிருக்காரு மனுஷன்.

ஒரு கிலோதானே விடுங்கன்னு சொல்லாதீங்க, இந்த எண்ணோட அழகே அந்த வால்லதான் இருக்கு. ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர் ஃபார்முலா ஸ்கூல்ல எல்லாரும் படிச்சதுதான், அதைப் போட்டா இது 4294967295, 4294967297னு ரெண்டா உடையும். இதுல சின்னதை திரும்பத் திரும்ப அதே மாதிரி உடைச்சா 3, 5, 17, 257, 65537, அவ்ளோதான், அஞ்சுமே பகா எண். அளவு குறிக்காத ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு வரையக்கூடிய ஒத்தைப்படை பக்க ஒழுங்கு பலகோணம்னு இதுவரைக்கும் தெரிஞ்சது 31, அந்த 31-க்கும் பக்க எண்ணிக்கை இந்த அஞ்சுலேர்ந்துதான் வருது, தனியாவோ ஒண்ணோட ஒண்ணு பெருக்கியோ. 17 பக்க பலகோணம் வரைய முடியும்னு கணித மேதை காஸ் 1796-ல கண்டுபிடிச்சப்போ அவருக்கு 18 வயசு.

பெரியவர் 4294967297 கதை இன்னும் ஜோர். இதுவும் பகா எண்தான்னு கணித மேதை ஃபெர்மா நம்பிட்டாரு, இன்னொரு கணித மேதை ஆய்லர் 1732-ல வந்து 641-ஆல வகுபடும்னு போட்டு உடைச்சாரு. பேப்பர் பேனா எடுத்து நீங்களே பாருங்க. 641-ங்கிறது 5 × 128 + 1, அதே 641 தான் 625 + 16. முதல்ல சொன்னதால 5 × 128-ஐ 641-ஆல வகுத்தா மீதி மைனஸ் 1 (அதாவது சரியா வகுபட ஒண்ணு குறையுது), 5 × 128-ஐ நாலு தடவை எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்குனா மீதி 1. நாலு அஞ்சைப் பெருக்குனா 625, 128-ங்கிறது ஏழு ரெண்டைப் பெருக்குனது, அதனால நாலு 128-ல மொத்தம் 28 ரெண்டு; அதாவது 625-ஐயும் 28 ரெண்டையும் பெருக்குனா மீதி 1. 625 + 16 தான் 641-ங்கிறதால இப்ப 625-க்கு பதிலா மைனஸ் 16 போடலாம், 16-ங்கிறது நாலு ரெண்டைப் பெருக்குனது, ஆக 32 ரெண்டைப் பெருக்குனா மீதி மைனஸ் 1, கூட ஒண்ணு சேர்த்தா சைபர். முடிஞ்சது! கால்குலேட்டரே வேணாம். மிச்சம் நிக்கிற 6700417-ம் பகா எண்தான்.

ஆக மொத்தம் ஏழு பகா எண், ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவை, அதனால இந்த எண்ணை மீதியில்லாம வகுக்கிற எண்கள் கரெக்டா 128. (64 கட்டம், 128 காரணின்னு பொருந்துறது தற்செயல்தான், அதுக்கு ஜோசியம் பார்க்க வேணாம்.) நீங்க அச்சடிச்ச எண்ணுல இந்த அமைப்பு நிக்காது.

இன்னொண்ணு, 64-வது கட்டத்துல மட்டும் எவ்வளவுன்னும் அதே தப்போட போட்டிருக்கீங்க, அது 9223372036854775808. முந்தின 63 கட்டத்தையும் கூட்டுனா இதைவிட ஒண்ணே ஒண்ணு கம்மி. அடுத்த இதழ்ல திருத்தம் போடும்போது டைப் பண்றவர்கிட்ட அந்த செல்லை டெக்ஸ்டா மாத்திட்டு அடிக்கச் சொல்லுங்க, இல்லாட்டி திரும்பவும் சைபர்தான் வரும்.

- ஒரு வாசகர், கரூர்