அளவீட்டை நிறுத்தாதீர்கள்: துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நம் பல்கலைக்கழகத்தின் காலநிலை மாற்ற ஆய்வு மையத்துக்குப் போன வாரம் வந்த சுற்றறிக்கையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஒப்புதலோடுதான் அது வந்திருக்கிறது. திட்ட நிதி முடிந்துவிட்டதால், அடுத்த திட்டம் கிடைக்கும்வரை, நிலையங்களில் கருவி வைத்து மழை முதலியவற்றை அளக்கும் களக் கண்காணிப்பு நிறுத்திவைக்கப்படுகிறதாம். அந்த மையத்தில் ஆய்வு மாணவனாக இருந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: தயவுசெய்து இந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள்.

பாதியில் நின்ற கட்டடத்தை அடுத்த ஆண்டு கட்டி முடித்துவிடலாம். இந்த ஆண்டு பெய்யும் மழையை அடுத்த ஆண்டு அளக்க முடியாது.

அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது, அது பத்து லட்சத்தில் 313 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அவர் வேலை பார்த்த ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் ஒரு பல்கலைக்கழகத்தின் அங்கம்தான். பாடப்புத்தகங்களில் நாம் பார்க்கும் அந்த வளைகோட்டில் 1964இன் தொடக்கத்தில் சில மாதங்கள் காலியாகக் கிடக்கின்றன. காரணம், நிதி வெட்டு. அந்த மாதங்களின் அளவீடு இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை, இனியும் கிடைக்காது.

அண்டார்டிகாவில் உள்ள ஹாலி ஆய்வு நிலையத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1957 முதல் ஓசோனை அளந்து வந்தார்கள். முதல் இருபது ஆண்டுகளில் பரபரப்பான செய்தி எதுவும் அதிலிருந்து வரவில்லை. ஒரே மாதிரி எண்களைத்தானே எழுதுகிறீர்கள், போதும் என்று யாராவது அப்போது நிறுத்தியிருந்தால், 1985இல் ஓசோன் துளையை உலகுக்குக் காட்டிய கட்டுரையை அவர்கள் எழுதியிருக்கவே முடியாது. பழைய அளவு தெரிந்திருந்ததால்தான் சரிவு தெரிந்தது.

காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இருக்கும்போது களத்தில் எதற்கு அளக்க வேண்டும் என்று நிதிக்குழுவில் கேட்கப்பட்டதாக அறிகிறேன். உலக அளவிலான மாதிரிகளில் பலவும் பூமியை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு சதுரத்துக்குள் மலையும் சமவெளியும் இருந்தாலும் சராசரியாக ஒரே எண்தான் கிடைக்கும். அதை ஓர் ஊருக்குப் பயன்படும்படி திருத்த வேண்டுமானால் அந்த ஊரில் அளந்த எண் கையில் இருக்க வேண்டும். மையம் இதுவரை வெளியிட்ட கணிப்புகளெல்லாம் அப்படித் திருத்தப்பட்டவைதான்.

என்னை இதைவிட அதிகமாக வருத்துவது நிலையங்களைப் பார்த்துக்கொண்ட களப்பணியாளருக்கு நேர்ந்திருப்பது. திட்டத்துக்குத் திட்டம் தற்காலிக ஆணையிலேயே அவர் காலம் தள்ளினார். ஒவ்வொரு முறையும் புதுப்பிப்பு ஆணை தாமதமாகத்தான் வந்தது. சம்பளம் வராத மாதங்களிலும் போய் மழைமானியின் புனலில் அடைத்திருக்கும் இலைகளை எடுத்துப் போடுவார். அது அடைத்துக்கொண்டால், கொட்டித் தீர்த்த மழை நாள் முழுக்கச் சொட்டிய தூறலாகப் பதிவாகிவிடும். பேட்டரிக்குத் தன் கைக்காசைப் போட்டிருக்கிறார். அந்தப் பணத்தைக் கேட்டு அவர் கொடுத்த ரசீதுகள் இன்னும் கோப்பில்தான் தூங்குகின்றன. எந்த சென்சார் வெயில் ஏறினால் கூடுதலாகக் காட்டும், எதை எப்போது மாற்றினோம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவரிடம் ஒரு நன்றிக் கடிதம்கூட இல்லாமல் சாவியை ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இது நியாயமா, ஐயா?

அப்புறம், இந்த நிதி முறையே கோணலாக இருக்கிறது. திட்டப் பணத்தில் புதுக் கருவி வாங்கலாம், இருக்கும் கருவியைப் பராமரிக்க ஆள் வைக்க முடியாது. பெட்டி பிரிக்காத கருவிகள் அங்கே அலமாரியில் இருக்கின்றன, ஓடிக்கொண்டிருக்கும் கருவியைச் சரிபார்க்கப் பணம் இல்லை. கருத்தரங்குக்குப் பணம் வருகிறது, நுழைவாயிலில் பதாகைக்கும் வருகிறது. ஓர் இடத்தின் இயல்பான தட்பவெப்பத்தைச் சொல்ல உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுத் தரவைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. அதை மூன்றாண்டுத் திட்டங்களை ஒட்டுப்போட்டுச் சேர்த்துவிடலாம் என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. தரவரிசைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் அந்த நீண்ட தரவு நமக்கு நினைவுக்கு வந்தால் போதுமா?

கோபத்தில் எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம், கவலையில் எழுதுகிறேன். கண்காணிப்பைப் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதிநிலைக்குள் கொண்டுவாருங்கள். அதற்கென ஒரு நிரந்தரப் பணியிடத்தை உருவாக்குங்கள். அந்தக் களப்பணியாளருக்கு நிலுவையில் உள்ளதைக் கொடுத்து, அவரையே அந்த இடத்தில் அமர்த்துங்கள். ஆட்சிக்குழு கூடி முடிவெடுக்க நாளாகும் என்பது புரிகிறது. ஆனால் அளவீடுகளைச் சேமிக்கும் கருவியான லாகரில் இடம் நிறைந்துவிட்டால் பழைய பதிவை அழித்துத்தான் புதியதை எழுதும், பேட்டரி தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும். ஆகவே கூட்டம் வரை காத்திராமல், தரவை இறக்கி பேட்டரியை மாற்ற இந்த வாரமே ஒருவரை அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மையத்தின் முன்னாள் ஆய்வு மாணவன்