அந்த 108 பீஸ் பெட்டியை வாங்கிவிடாதே

மாப்ளே,

பைக் பட்டறை போடப் போகிறேன், என்னென்ன சாமான் வாங்கலாம் என்று நீ கேட்டு எட்டு மாதம் ஆகிறது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுவிட்டேன், தப்புதான். தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? இங்கே எல்லோரும் நலம், ஒருவனைத் தவிர. அவனால்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

போன வியாழக்கிழமை நான் டீ குடிக்கப் போன நேரத்தில், புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு காரின் வீல் நட்டைக் கழற்ற, நட்டை அடித்து அடித்துத் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்ச் மெஷினில், நட்டு மேல் மாட்டும் சாதாரண குரோம் சாக்கெட்டைப் போட்டு அடித்திருக்கிறான். சாக்கெட் பிளந்து ஒரு சில்லு புருவத்தைக் கிழித்துவிட்டது. ஐந்து தையல். கண் தப்பியது, ஒரு விரல்கடைதான் இடைவெளி. அவனுக்கு இதைச் சொல்லித்தராமல் விட்டவன் நான். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார்கள், அது இன்னும் தூங்கவிடவில்லை.

நீ படம் அனுப்பிய 108 பீஸ் டூல் பெட்டியிலும் அதே பளபள சாக்கெட்தான் இருக்கிறது. கைக்கு வரும் சாக்கெட் குரோம் வனேடியம், கடினமாக இருக்கும், சுவர் மெல்லிசு. சம்மட்டி மாதிரி விடாமல் அடிக்கும் மெஷினில் மாட்டினால் கண்ணாடி மாதிரி உடையும். இம்பாக்டுக்கு என்றே வருவது குரோம் மாலிப்டினம், கறுப்பாக, தடியாக இருக்கும், அடியை வாங்கிக்கொள்ளும். கறுப்பு மெஷினுக்கு, வெள்ளை கைக்கு. இதைப் பட்டறைச் சுவரில் பெயின்டில் எழுதிவை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் மெஷினைத் தொடவிடாதே.

சரி, வாங்குவதற்கு வருவோம். 108-ல் எண்பது பெட்டியிலேயே தூங்கும். பைக் வேலைக்குத் தினமும் கை போவது 8, 10, 12, 14, 17 மில்லிமீட்டர் இவ்வளவுதான், அவற்றை மட்டும் நல்லதாக வாங்கு. சாக்கெட் ஆறு முனையே எடு, துருப்பிடித்த நட்டில் பன்னிரண்டு முனை மூலையைத் தின்றுவிடும், அப்புறம் வெல்டிங்காரனைத் தேடி ஓட வேண்டும். ரிங் ஸ்பேனருக்கு நம்ம நாட்டு நாசிக் டபாரியா கம்பெனி போதும். வெளிநாட்டுச் சாமான் மேல் உனக்கு எப்போதுமே ஒரு மயக்கம் உண்டு, அந்தக் காசை, எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் போடு. 10 ஸ்பேனர் போடும் எம்6 போல்ட் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்குதான் தாங்கும், அலுமினிய என்ஜினில் கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். வேலை முடிந்ததும் டார்க் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வை, இல்லாவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்து பொய் சொல்லும்.

அப்புறம், ஐடிஐயில் கார்புரேட்டர் ஸ்க்ரூ தலையைக் கெடுத்து வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, உன் கையில் தப்பில்லை, திருப்புளியில்தான் தப்பு. ஜப்பான் வழி வந்த வண்டிகளில் இருப்பது நமக்குத் தெரிந்த பிலிப்ஸ் ஸ்டார் ஸ்க்ரூ இல்லை, ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு ஸ்க்ரூ. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராது, வழுக்கி வெளியே வந்து தலையை உருட்டிவிடும். தலையில் சின்னப் புள்ளி இருந்தால் ஜேஐஎஸ் என்று தெரிந்துகொள். எனக்கே இது தெரிய வருஷக்கணக்கானது, வாத்தியார் இருந்தால் நேரில் போய்ச் சொல்லியிருப்பேன்.

கிரைண்டர் வாங்கும்போது வாட்ஸைப் பார்க்காதே, உன் ஊரிலேயே அதன் மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷும் சுற்றும் பாகமான ஆர்மேச்சரும் கிடைக்குமா என்று முதலில் கேள். கிடைக்காத மெஷின் முதல் பிரஷ் தேய்ந்த அன்றைக்கே பழைய இரும்பு. பேட்டரி மெஷின் என்றால் அந்தப் பிரஷே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் பார்த்து எடு, எல்லாம் ஒரே கம்பெனியாக இருக்கட்டும், ஒருவன் பேட்டரி இன்னொருவன் மெஷினில் ஏறாது. நம்ம குட்டையன் மாதிரி கிரைண்டர் டிஸ்க்கை மறைக்கும் கார்டு மூடியைக் கழற்றிவிட்டு பெரிய டிஸ்க் மட்டும் மாட்டாதே மாப்ளே, கெஞ்சிக் கேட்கிறேன். நாலு இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றும், ஏழு இன்ச் டிஸ்க் 8,500 வரைதான் தாங்கும், அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். வெடித்தால் தையல் போட ஒன்றும் மிஞ்சாது.

பையனுக்குத் திங்கட்கிழமை தையல் பிரிக்கிறார்கள். முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு பிராட்வே போய், கறுப்பு சாக்கெட் இரண்டு செட் எடுக்கப் போகிறேன், எனக்கொன்று, உனக்கொன்று. பணம் அனுப்பாதே. அதற்குப் பதில் 1998-ல் என்னிடம் இரவல் வாங்கிய 12-13 ரிங் ஸ்பேனரைத் திருப்பிக் கொடு. இன்னும் நட்டில் கச்சிதமாக உட்காருகிறது என்று போன தீபாவளிக்கு நீயே வாய்விட்டுச் சொல்லிவிட்டாய்.